கொலோனோஸ்கோபிக்கு வருகிறவர்களே, கடுகு தாளிக்காதீர்கள்

கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்க்கிற சோதனை, செய்யச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிவிட்டார், பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மதுரையில் குடல்நோய் மருத்துவர். எம்.பி.பி.எஸ்., அப்புறம் பொது மருத்துவத்தில் எம்.டி., அதற்குமேல் மூன்று வருடம் குடல்நோய்க்கான டி.எம். என்று படித்து முடித்தபோது, கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கல்லீரல் பக்கம் போனார்கள். பரபரப்பும் பெயரும் அங்கேதான். நான் பெருங்குடலோடு நின்றுவிட்டேன். புற்றுநோயாக மாறப்போகிற ஒன்றை, மாறுவதற்கு முன்பே கண்ணால் பார்த்து, பார்த்த கையோடு வெட்டி எடுத்துவிட முடிகிற இடம் உடம்பில் அதிகம் இல்லை. பெருங்குடல் அப்படி ஓர் இடம். அந்த வசதி எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் வெட்டி எடுக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் குடல் காலியாக இருக்க வேண்டும். அதை என்னால் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்துகொண்டு வர வேண்டும். என் கருவி எவ்வளவு விலை என்பதைவிட, முந்தின நாள் உங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதுதான் சோதனையின் தரத்தை முடிவு செய்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி சமையலறையும் கழிவறையும்தான். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் போகும் வழியெல்லாம் சுவரில் எழுதியிருக்கும்: மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். அதனாலேயோ என்னவோ, மலத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரோடு நடந்த பேச்சு, எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வேறு யாரோடாவது நடக்கும்.

“மூலம்தான் டாக்டரம்மா. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு.”

“யாரு ஐயா பார்த்துச் சொன்னாங்க?”

“பார்க்கறதுக்கு என்னம்மா இருக்கு? உடம்புச் சூடு. ரெண்டு நாள் வெந்தயம் தின்னா நிக்கும், அப்புறம் வரும்.”

கையுறை போட்டு விரலால் பார்க்க அரை நிமிடம் ஆகும். மலக்குடலின் கடைசிப் பகுதியை விரலாலேயே தடவிப் பார்த்துவிடலாம். அவருக்கு மூலமும் இருந்தது, அதற்கு மேலே கரடுமுரடாக ஒரு கட்டியும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. மூலம் இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி உள்ளே பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

எனவே முதல் படி இது. நாற்பதைத் தாண்டியவருக்கு மலத்தில் ரத்தம் வந்தாலோ, சில வாரங்களாக மோஷன் போகும் விதம் மாறியிருந்தாலோ, ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தாலோ, எடை தானாக இறங்கினாலோ, லேப் லேபாக அலையாமல் நேரே குடல் மருத்துவரிடம் போங்கள். நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் ரத்தம் நிற்காமல் வந்தால் இதே பேச்சுதான். நம் நாட்டில் முப்பதுகளில் மலக்குடல் புற்றோடு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெட்கப்பட்டுக்கொண்டே தள்ளிப்போட்டு வருகிற அக்காக்கள் நிறையப் பேர். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். சோதனைக்குத் தருகிற உடையில் பின்புறம் மட்டும் ஒரு திறப்பு இருக்கும், மற்றபடி முழுக்க மூடியே இருப்பீர்கள். பெரும்பாலும் அரைத் தூக்கத்தில்தான் இருப்பீர்கள்.

தொந்தரவே இல்லாதவர்கள் எப்போது வர வேண்டும்

இங்கேதான் குழப்பம் அதிகம். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு முதல், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களும் 45 வயதில் சோதனையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை 50 ஆக இருந்தது. நம் நாட்டின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை உண்டு, பெருங்குடல் அதில் இல்லை. மேல்நாட்டோடு ஒப்பிட்டால் இங்கே இந்த நோய் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அது நியாயமான காரணம்தான். ஆகவே ஊரில் இருக்கிற எல்லோரும் 45 வயதில் கொலோனோஸ்கோபிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கண்டிப்பாக வர வேண்டியவர்கள் யார் என்பதைச் சொல்கிறேன். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், உங்களுக்கு 40 வயதில் முதல் கொலோனோஸ்கோபி. அல்லது அவருக்கு நோய் கண்டுபிடித்த வயதிலிருந்து பத்தைக் கழியுங்கள். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. அண்ணனுக்கு 44 வயதில் வந்தது என்றால் தம்பிக்கு 34. இந்தக் கணக்கைச் சொன்னதும் கூட வந்த தம்பியின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மாறட்டும், அதற்குத்தான் சொல்வது.

ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்குக் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்திருந்தால், ஹென்றி லிஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் லிஞ்ச் நோய்க்குறியைச் சந்தேகிக்க வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, இது பரம்பரையாக வருகிறது என்று 1960களிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். ரொம்ப நாள் யாரும் காது கொடுக்கவில்லை. இந்த மரபணுக் கோளாறு இருக்கிற பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருப்பது உறுதியானால் இருபது வயதுகளிலேயே தொடங்கி, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை சோதனை. பெற்றோர் இருவரிடமிருந்தும் கோளாறு வந்தால் மட்டும் தலைகாட்டுகிற இன்னொரு பாலிப் நோயும் உண்டு (பாலிப் என்பது குடல் சுவரில் முளைக்கிற சதைவளர்ச்சி, சில பின்னால் புற்றாக மாறும்), சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அதையும் மனதில் வைத்துக் கேட்பேன். பெருங்குடல் புண் நோய் வந்து எட்டு வருடம் ஆனவர்களும் கணக்கில் சேர்த்தி.

இவற்றில் எதிலும் சேராதவர், 45, 50 ஆகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்றால் மலச் சோதனையிலிருந்து தொடங்கலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லேபில் ‘மலத்தில் மறைந்த ரத்தம்’ என்று கேட்டால் இரண்டு விதமான சோதனையில் எது வேண்டுமானாலும் செய்து கொடுப்பார்கள். பழையது, ரத்தத்தின் வேதிவினையைப் பார்ப்பது. ஒஹையோவில் டேவிட் கிரீகர் என்ற மருத்துவர் 1967இல், நோயாளி வீட்டிலேயே அட்டையில் தடவிக் கொடுக்கும்படி செய்து பரவலாக்கியது. முந்தின நாள் ஆட்டுக்கறியோ ஈரலோ முள்ளங்கியோ சாப்பிட்டிருந்தால் அது ஏமாந்துபோகும். வைட்டமின் சி மாத்திரை போட்டிருந்தால், இருக்கிற ரத்தத்தையும் காட்டாமல் விட்டுவிடும். புதியது ஃபிட் என்பது. மனித ரத்தத்தின் புரதத்தை மட்டும் பிடிக்கும், பத்தியம் எதுவும் வேண்டாம். “ஃபிட் செய்வீர்களா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பழைய அட்டையைக் குறைவாகவும் நினைக்க வேண்டாம். மினசோட்டாவில் நாற்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், வருடந்தோறும் அதைச் செய்துகொண்டவர்களிடம் இந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993இல் காட்டியதே அந்த அட்டைதான்.

ஃபிட் செய்யும்போது இரண்டு விஷயம். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். இன்னொன்று வெயில். சூட்டில் ரத்தப் புரதம் சிதைந்துவிடும், இருப்பது இல்லை என்று வந்துவிடும். சித்திரை வெயிலில் டப்பாவை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டு மத்தியானம் வரை ஊர் சுற்றாதீர்கள். காலையில் எடுத்து, எடுத்த கையோடு லேபில் கொடுங்கள். இல்லை என்று வந்தால் அடுத்த வருடம் மறுபடி. இருக்கிறது என்று வந்தால் கொலோனோஸ்கோபிதான். “இன்னொரு தடவை ஃபிட் செய்து பார்க்கலாமா?” என்று பேரம் பேசாதீர்கள். ஒரு முறை பாசிட்டிவ் வந்த பிறகு மறுபடி செய்து நெகட்டிவ் வாங்குவதால் எந்த நிம்மதியும் கிடைக்காது.

குடலைக் காலி செய்வது

மூன்று நாள் முன்பிருந்தே தொடங்குங்கள். விதையும் நாரும் இருக்கிற எதுவும் வேண்டாம். கீரை, முருங்கைக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி, கொய்யா, கம்பு, கேழ்வரகு, எள்ளு, முழுப்பயறு எல்லாம் லீவு. மலச்சிக்கலுக்கு இசப்கோல் சாப்பிடுபவர்கள் அதையும் நிறுத்துங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் அப்பிக்கொள்ளும்.

என்னதான் சாப்பிடுவது? வெள்ளைச் சோறு, இட்லி, தோல் உரித்து மசித்த உருளைக்கிழங்கு, தயிர், மோர், முட்டை, முள் எடுத்த மீன். நம் வீட்டுப் பெண்களுக்குத் தாளிக்காமல் இறக்குவது கை வராது. ஆனால் இந்த மூன்று நாள் தாளிக்கக் கூடாது. நான் சும்மா சொல்லவில்லை. குடலுக்குள் திரையில் பார்க்கும்போது கடுகு கடுகாகவே இருக்கும். கறிவேப்பிலை பச்சை மாறாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தக்காளி விதை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்க என் கருவியில் ஒரு மெல்லிய குழாய் உண்டு, விதைகள் போய் அதை அடைத்துக்கொள்ளும். அப்புறம் குழாயை வெளியே எடுத்து, ஊதி, கழுவி, மறுபடி உள்ளே விட வேண்டும். அந்த நேரமெல்லாம் சுவரைப் பார்ப்பதற்கு உரிய நேரம்.

முந்தின நாள் காலையில் இரண்டு இட்லி, கொஞ்சம் தயிர் அல்லது சர்க்கரை. அதோடு திட உணவு முடிந்தது. அப்புறம் ஊடுருவிப் பார்க்க முடிகிற திரவம் மட்டும்: வழுக்கை இல்லாத இளநீர், துணியில் வடிகட்டிய ரசத்தெளிவு, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ்., பால் இல்லாத டீ. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இளநீரைத் தொடாதீர்கள், பொட்டாசியம் ஏறிவிடும். சிவப்பு நிறம் எதுவும் கூடாது. ரோஸ் சர்பத், மாதுளைச் சாறு, பீட்ரூட் எல்லாம் உள்ளே ரத்தம் போலத் தெரிந்து என்னை அலைக்கழிக்கும். “ஜிகர்தண்டா பானம்தானே, டாக்டர்?” என்று கேட்ட மகானுபாவர்களும் உண்டு. பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமும் சேர்ந்தது மதுரையில் பானமாக இருக்கலாம், என் குடல் கணக்கில் அது சாப்பாடு.

இனி மருந்து. பெரும்பாலும் பெக் என்று சுருக்கிச் சொல்கிற பாலிஎதிலீன் கிளைகால் தூளைத்தான் கொடுப்போம். ஒரு பொட்டலம், இரண்டு லிட்டர் தண்ணீர். இந்தத் தூளை உடம்பு உறிஞ்சாது, தன்னோடு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே குடல் வழியாக இறங்கும். கூடவே உப்புகளும் அளவாகச் சேர்ந்திருப்பதால் உடம்பின் நீரும் உப்பும் பெரிதாகக் குலையாது. சின்ன பாட்டிலில் வருகிற பாஸ்பேட் மருந்தும் கடைகளில் கிடைக்கும், குடிக்க வேண்டிய அளவு குறைவு என்பதால் ஆசையாக இருக்கும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம், இதயம் பலவீனமானவர்களுக்கும் அது ஆபத்து. நீங்களாக மாற்றாதீர்கள்.

இரண்டு லிட்டரையும் ஒரே மூச்சில் ராத்திரியே முடித்துவிட்டுத் தூங்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கி, பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் மறுபடி பூசிவிடும். வலப்பக்கம் இருக்கிற அந்தப் பகுதியில் வரும் தட்டையான பாலிப்புகள்தான் கண்ணுக்கு எளிதில் சிக்காதவை. அதனால் பாதி முந்தின நாள் மாலை, மீதி பாதி சோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு. சோதனை காலை பத்து மணிக்கு என்றால் விடியற்காலை ஐந்துக்கு அலாரம் வையுங்கள். எழுந்திருக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். மயக்க மருந்து கொடுப்பதால், சோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம். இன்னும் முன்னதாகவே நிறுத்தச் சொல்கிற மயக்க மருத்துவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதே கணக்கு.

குடிக்கும் விதம்: கலக்கிய மருந்தை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஜில்லென்று இருந்தால் அந்த உவர்ப்பு நாக்கில் அவ்வளவாகத் தெரியாது. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர், ஸ்ட்ரா போட்டு. உட்கார்ந்தே இருக்காமல் கூடத்தில் நடங்கள். குமட்டினால் அரை மணி நேரம் விட்டுவிட்டு மெதுவாகத் தொடருங்கள். முதல் லிட்டரில் பாதி போகும்வரை ஒன்றுமே நடக்காது, மருந்து வேலை செய்யவில்லை என்று போன் வரும். அதற்கப்புறம் போன் வராது.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய சில ஏற்பாடுகள் உண்டு. வீட்டில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்து வாளிகளை நிரப்பி வையுங்கள். இந்தியக் கழிப்பறை மட்டும்தான் இருக்கிறது, அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால், நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ போட்டுவிடுங்கள். ராத்திரி பத்துத் தடவை குத்துக்காலிட்டு எழுந்தால் தலைசுற்றி விழுந்துவிடுவார். ஆசனவாயைச் சுற்றி முதலிலேயே தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் எரியாது. கழிவறை விளக்கு நன்றாக எரிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெளியே வருவது கட்டியும் துகளும் இல்லாத மஞ்சள் தண்ணீராக, அடியில் இருக்கும் பீங்கான் பளிச்சென்று தெரியும்படி இருந்தால் தேறிவிட்டீர்கள். பழுப்பாகக் கலங்கி இருந்தால் வந்தவுடன் நர்ஸிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கூடுதல் மருந்து கொடுத்து மத்தியானம் பார்க்கலாம், அல்லது வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். சொல்லாமல் படுத்தால், பார்த்தும் பார்க்காத சோதனைக்குக் காசு கட்டிவிட்டுப் போவீர்கள்.

வழக்கமான மாத்திரைகளைப் பற்றி. பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். சுகர் மாத்திரைதான் கவனம், சாப்பாடு இல்லாத நாளில் கிளிமிபிரைட் மாதிரியான மாத்திரையும் வழக்கமான அளவு இன்சுலினும் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். டபாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். எதை எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கலாம், அது தெளிவான திரவம்தான். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கிற குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்றவற்றை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவர் பாலிப்புக்குப் பயந்து மாத்திரையை விடுவது, பூனைக்குப் பயந்து புலியிடம் போவது மாதிரி.

உள்ளே நடப்பது

இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வோம். கையில் ஊசி, மயக்கம். பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம். மடிந்து மடிந்து போகிற அதன் கடைசி முனைவரை குழாயைத் தள்ளிக்கொண்டு போவது முதல் பாதி. கைத்திறன் எல்லாம் அங்கே தேவை, ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது திரும்பி வரும்போதுதான். ஒவ்வொரு மடிப்பின் பின்புறமும் எட்டிப் பார்த்து, ஒட்டியதைக் கழுவி, மெதுவாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் 12 மருத்துவர்களை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று எங்கள் துறையையே உலுக்கியது. திரும்பி வர ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள், அவசரக்காரர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பேரிடம் பாலிப் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து என் அறையிலும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்.

பாலிப் எப்படி இருக்கும்? சில காம்போடு நிற்கும், கம்பி வளையத்தை மாட்டி இறுக்கி, மின்சாரம் கொடுத்தால் காம்பு வெளுத்து அறுந்துவிடும். ரத்தம் ஒரு சொட்டு வரலாம், வராமலும் போகலாம். தட்டையானவை வேறு ரகம். ஆரோக்கியமான சுவரில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கொடி போல ஓடுவது தெரியும். ஓரிடத்தில் அந்தக் கொடி திடீரென்று அறுபட்டு, கொஞ்சம் சளி ஒட்டிக்கொண்டு, லேசாக மேடு தட்டினால் அங்கே நின்றுவிடுவேன். கழுவினால் ஓரம் தெரியும். அடியில் ஊசியால் நீல மருந்து கலந்த உப்புத் தண்ணீரை ஏற்றுவேன். மேடு எழும்பும், நீல மெத்தையின் மேல் பாலிப் தனியாகத் தெரியும். அப்புறம் வளையம். உங்களுக்கு வலிக்காது, குடலின் உள்பூச்சுக்கு வெட்டுகிற வலி தெரியாது. பாலிப்பைக் குழாய் வழியாக முதலில் எடுத்துக் காட்டியவர்கள் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும், 1969இல். அதற்கு முன்னால் இதே பாலிப்புக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது.

இப்படி எடுப்பதால் என்ன லாபம் என்று கேட்டால், சிட்னி வினாவர் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வைச் சொல்வேன். பாலிப்புகளை எடுத்துவிட்டுத் தொடர்ந்து கவனித்தவர்களிடம், எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை புற்றுநோய் குறைந்திருந்தது என்று 1993இல் வெளியிட்டார்கள். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் போலந்து, நார்வே, சுவீடனிலிருந்து வந்த பெரிய ஆய்வில், கொலோனோஸ்கோபிக்கு அழைப்பு அனுப்பப்பட்டவர்களிடம் பத்து வருடத்தில் புற்றுநோய் 18 சதவீதம்தான் குறைந்திருந்தது. அழைத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை என்பது அதில் பெரிய காரணம்.

ஆபத்து இல்லாத சோதனை என்று சொல்ல மாட்டேன். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் எடுத்த இடத்தில் ரத்தக்கசிவு இரண்டு வாரம் வரைகூட வரலாம். வீட்டுக்குப் போன பிறகு காற்றுப் பிரிவதும் வயிறு லேசாக உப்புவதும் சகஜம். வயிறு கல்லாகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி. அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

அறிக்கையை வாங்கிப் படியுங்கள்

மயக்கம் தெளிந்ததும் “ஒண்ணுமில்லைல்ல டாக்டர்?” என்று கேட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அறிக்கையைக் கையில் வாங்கி மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி முனை வரை போனார்களா? குடல்வால் திறக்கிற இடத்தின் படம் இருக்க வேண்டும். குடல் எவ்வளவு சுத்தம்? பாஸ்டன் அளவுகோல் என்று ஒன்று உண்டு, வலம், நடு, இடம் என மூன்று பகுதிக்கும் மும்மூன்று மதிப்பெண், மொத்தம் ஒன்பது. எந்தப் பகுதியும் இரண்டுக்குக் கீழே போகக் கூடாது, போனால் ‘ஒன்றுமில்லை’ என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. பாலிப் இருந்தால் எங்கே, எத்தனை, எத்தனை மில்லிமீட்டர், முழுதாக எடுத்தாயிற்றா?

உங்கள் மருத்துவரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேரிடம், பின்னால் புற்றாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப் கண்டுபிடிக்கிறீர்கள்? கோபித்துக்கொள்பவர்களும் இருப்பார்கள். கலிஃபோர்னியாவில் 2014இல் வந்த ஆய்வுப்படி அந்த எண் ஒவ்வொரு சதவீதம் கூடக்கூட, அவரிடம் பார்த்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்று வருவது மூன்று சதவீதம் குறைகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் ஆட்களிலேயே தன் எண்ணைக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

எடுத்த பாலிப்பை லேபில் சோதிக்கிற பயாப்ஸியின் முடிவு ஒரு வாரத்தில் வரும். மலக்குடலில் சின்ன ஹைப்பர்பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தால் மறந்துவிடலாம். அடினோமா என்று இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. எடுக்காமல் விட்டிருந்தால் பல வருடங்களில் சிலருக்கு அப்படி ஆகியிருக்கும், அவ்வளவே. ஒன்றிரண்டு, பத்து மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் அடுத்த சோதனை ஏழிலிருந்து பத்து வருடத்தில். மூன்று நான்கு இருந்தால் மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஐந்திலிருந்து பத்து வரை இருந்தால், அல்லது ஒன்றின் அளவு பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால், அல்லது வில்லஸ், உயர்நிலை டிஸ்ப்ளேசியா என்ற சொற்கள் இருந்தால் மூன்று வருடம். ஒன்றுமே இல்லை, குடலும் சுத்தம் என்றால் பத்து வருடத்துக்கு என்னைப் பார்க்க வேண்டாம். வருடாவருடம் செய்யலாமா என்று கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இடைப்பட்ட காலத்துக்கு மருந்து மாத்திரை கேட்பார்கள். புகையை விடுங்கள், குடியை விடுங்கள், தொப்பையைக் குறையுங்கள், தினம் நடங்கள், சாஸேஜ் சலாமி வகைப் பதப்படுத்திய இறைச்சியைக் குறையுங்கள். நிறுத்தச் சொன்ன கீரையும் கம்பும் மறுநாளே தட்டுக்கு வரலாம், தாளிப்போடு. லிஞ்ச் குடும்பங்களுக்கு ஆஸ்பிரின் பயன்படுகிறது என்று ஆய்வு உண்டு, அதைப் படித்துவிட்டு மற்றவர்கள் தாங்களாக விழுங்க வேண்டாம். வயிற்றில் ரத்தம் கசிந்தால் மறுபடி என்னிடம்தான் வர வேண்டும்.

கடைசியாக, குடும்ப வாட்ஸப் குழுவில் தகவல் போடுங்கள். புற்று என்றால் மட்டுமில்லை, பத்து மில்லிமீட்டர் அடினோமா என்றாலும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளும் பிள்ளைகளும் 40 வயதில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் ஆகிறார்கள். ‘எனக்குக் குடலில் சின்னப் பிரச்சினை, சரியாகிவிட்டது’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பாலிப்பின் பெயர், அளவு, அன்றைக்கு உங்களுக்கு என்ன வயது, இந்த மூன்றும் இருக்க வேண்டும். பயாப்ஸி சீட்டைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது, அவர்களைப் பார்க்கப்போகிற மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.